கடலுக்குப் போவாத

“இன்னிக்குக் கடலுக்குப் போவாதய்யா, காத்து சரியில்ல” என்றாள் அனிதா.

“போவாம இருந்தா சோத்துக்கு இன்னா பண்றது?” என்றான் ஜோயல்.

“பட்டினி கெடந்தாலும் பரவால்ல. எங்க நைனாவும் இப்படித்தான் போனாரு. திரும்பி வரவே இல்ல.”

ஜோயல் துடுப்பைக் கீழே போட்டான். “சரி, போவல. இருக்கறதப் போடு.”

அனிதா தட்டு நிறைய மணலை அள்ளி வைத்தாள். இருவருக்கும் நான்கு வயது.

பசியாவரம் அங்கன்வாடி வாசலில் அனிதாவின் அம்மா கோமளா அசையாமல் நின்றாள். ‘இங்க எப்பவும் ஆட்டம்தான்’ என்று கோபித்துக்கொண்டு, மகளைத் திருப்பாலைவனத்தில் இங்கிலீஷ் பள்ளியில் சேர்ப்பதற்காக அழைத்துப்போக வந்திருந்தாள். அப்பாவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அனிதா ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

“டீச்சர், எம்பொண்ணு பேசுறா!”

“மெதுவா, கோமளா” என்றாள் ஜாக்குலின் டீச்சர். “தெனமும் புள்ளைங்கள இந்த ஆட்டந்தான் ஆட வெச்சேன். இவ ஓரமா உக்காந்து பாத்துனே இருந்தா. இன்னிக்குத்தான் தானா சேந்துக்கினா.”

அனிதா திரும்பிப் பார்த்தாள். “அம்மா, நீயும் உக்காரு. சோறு போடறேன்.”

கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜோயலின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.