ஒட்டு மீசை

போரில் மாமனாரின் படங்களெல்லாம் எரிந்துபோயின. லண்டன் ஈஸ்ட் ஹாம் பழைய சாமான் கடையில் மீசை உட்பட அவரை உரித்து வைத்தாற்போல ஒரு வெள்ளைக்கார நடிகரின் படம் கிடைத்ததும், தவமலரின் கணவன் குகனேசன் திவசத்துக்குப் படைக்க அதையே வாங்கி மாட்டினான். ஊமைப் படங்களில் நீதிபதி, குடிகாரன், பாதிரி என்று ஒட்டு மீசையோடு வந்துபோனவராம்.

“ஆரோ கூத்தாடிக்குப் படைச்ச சோத்தை நான் தின்னோணுமோ? அரியண்டம்!” தவமலர் அருவருத்தாள்.

“முதல் வாய் மருமகளுக்குத்தானே. அப்பாவாயும் ஒருக்கா நடிக்கட்டுமன்.”

திவசத்தன்று படைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது சோறு பிசைந்து கிடந்தது. கத்தரிக்காய்க் குழம்பில் ஒட்டு மீசை ஒன்று மிதந்தது; அதன் பசை இன்னும் காயவில்லை. படத்தில் இருந்தவரின் வெறும் மேலுதடு எண்ணெயில் மினுங்கியது.

மீசையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் குகனேசன் சோற்றை உருண்டை பிடித்தான்.

“அப்பா வடிவாச் சாப்பிட்டிருக்கிறார். வாயைத் திறவும்.”