குடும்பத்தைக் காக்கும் ரைஃபிள்

கடையில் வாங்கியபோது அது வெறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளாகத்தான் இருந்தது. அப்படியே வைத்துக்கொள்வது டாரலுக்கு மானக்கேடாகப் பட்டது.

முதலில் அதன் பிளாஸ்டிக் முன்கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டை ஓட்டையாக வெட்டிய அலுமினியக் கைப்பிடி ஒன்றை வரவழைத்துப் பூட்டினான். அதன்மேல் குறிபார்க்க ஒரு மடக்கு சைட். அதற்குப் பின்னால் சிவப்புப் புள்ளி காட்டும் ஸ்கோப். ஸ்கோப்பில் பேட்டரி தீர்ந்தால் சைட் இருக்கிறது. சைட் உடைந்தால் என்ன செய்வது என்று இப்போது கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் அந்த ரைஃபிளால் அவன் இதுவரை சுட்டது இரண்டு காலி பீன்ஸ் டப்பாக்களை. ஒன்றில் பட்டது.

"எதுக்கு இத்தனை ஜோடனை?" என்று கேட்டாள் அவன் மனைவி மார்லா.

"குடும்பத்தைக் காப்பாத்த வேண்டாமா?"

"இந்த வீட்ல குடும்பம்னா நான் ஒருத்திதான். என் வண்டில பிரேக் போச்சுன்னு ஆறு மாசமா கத்தறேன். முந்தாநாள் மில் மேட்டு இறக்கத்துல மிதிக்கிறேன், நிக்கவே இல்ல. முன்னால மரம் ஏத்தின லாரி. செத்தேன்னு கண்ணை மூடிட்டேன், டாரல்!"

"அடுத்த மாசம் பாக்கலாம்."

"பின்வாசல் தாழ்ப்பாளாவது மாத்துவியா?"

"அந்த வழியா எவனாவது வரட்டுமே! உயிரோட போவானா?" என்று ரைஃபிளைத் தூக்கி ஃபிரிட்ஜைக் குறிபார்த்தான் டாரல். ஃபிரிட்ஜ் அசையவில்லை.

அவன் பயந்ததுபோலவே ஆயிற்று. ஒரு சனிக்கிழமை பாய்சி நகரில் துப்பாக்கிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தால், பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. துப்பாக்கிப் பெட்டகமும் திறந்திருந்தது. உள்ளே ரைஃபிள் இருந்தது. ஆனால் கைப்பிடி, சைட், ஸ்கோப் மூன்றையும் காணோம். இறகு பிடுங்கிய கோழிபோல நின்ற ரைஃபிளைப் பார்த்து டாரலுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷெரீப் ஆபீசிலிருந்து கெல்சோ வந்து பார்த்தார்.

"விவரமான ஆளுப்பா. சீரியல் நம்பர் அடிச்சிருக்கறது விசை இருக்கற இந்த பாகத்துல மட்டும்தான். அதைத் தொடாம, ஜாதகமே இல்லாத சாமானா பாத்து எடுத்திருக்கான். இனிமே இதை எங்கே போய்த் தேடறது? ஆமா, பெட்டகத்து நம்பர் யாருக்குத் தெரியும்?"

"என் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல!"

"ஒண்ணு, ஏழு, ஏழு, ஆறு?"

டாரல் முகம் வெளிறியது. "உங்களுக்கு எப்படி...?"

"ஆயிரத்து எழுநூத்து எழுபத்தாறு, நாட்டுக்கு விடுதலை கிடைச்ச வருஷமாச்சே! இந்த ஊர்ல பத்துக்கு எட்டு பெட்டகம் அதுலதான் தொறக்குது. மிச்சம் ரெண்டைப் பூட்டறதே இல்ல." கெல்சோ குறிப்பேட்டை மூடினார். "யார் மேலயாவது சந்தேகம்?"

"பக்கத்து வீட்டு ஆரின்! வாரத்துக்கு ஒருதரம் வந்து அந்த ஸ்கோப்பை நாக்குல எச்சில் ஊறப் பாத்துட்டுப் போவான்."

மார்லா கெல்சோவுக்குக் காபி ஊற்றினாள்.

டாரல் சும்மா விடுவானா? மான் வேட்டைக்குக் காட்டில் கட்டும் கேமராவை எடுத்துவந்து, ஆரின் வீட்டு வேலியைப் பார்த்தபடி மரத்தில் கட்டினான்.

பத்தே நாளில் அவனுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. பழைய சாமான் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் அதே கைப்பிடி, அதே சைட், அதே ஸ்கோப், பாதி விலைக்கு!

"என்னோடதோன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு அடிச்சுக்கிச்சு," என்றான் மார்லாவிடம். "இல்ல. இந்த ஸ்கோப்புல ஆணியால இழுத்த மாதிரி ஒரு கீறல். என்னோடது கண்ணாடி மாதிரி இருக்கும். எவனோ அருமை தெரியாத பய விக்கிறான்."

எல்க் மான் வேட்டைக்கென்று சேர்த்துவைத்த பணத்தை எடுத்து, விளம்பரத்தில் இருந்த தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பினான். தபால் ஆபீஸ் மார்லா வேலைக்குப் போகும் வழியில்தான். வந்த மூன்று பார்சலையும் அவளே சுமந்து வந்து கொடுத்தாள்.

அந்த வாரமே ஆரின் தன் வீட்டு முற்றத்தில் மார்லாவின் வண்டிக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் மாட்டிக் கொடுத்தான்.

"எவ்வளவு கேட்டான்?" என்றான் டாரல்.

"கூலியே வேண்டாம்னுட்டார், பாவம்."

"பாவமா? திருடின நெஞ்சு குறுகுறுக்குது, அதான்!" டாரல் தொடையில் தட்டிக்கொண்டான். "இனிமே வரச் சொல்லு பாக்கலாம். பெட்டகத்து நம்பரை மாத்திட்டேன். எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது!"

அடுத்த சனிக்கிழமை அவன் மறுபடியும் சந்தைக்குப் புறப்பட்டான். தாழ்ப்பாள் இன்னும் மாற்றப்படவில்லை. மரத்தில் இருந்த கேமரா கடமை தவறாமல் ஆரினின் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டகத்தின் முன்னால் நின்ற உருவம் ஒரு நொடி யோசித்தது. வருஷம் இல்லையென்றால் தேதி. சுதந்திர தினமான ஜூலை நாலு. பூஜ்யம், ஏழு, பூஜ்யம், நாலு என்று அழுத்தியதும் கதவு பெட்டிப்பாம்பாகத் திறந்துகொண்டது.

மார்லா சீருடைப் பையிலிருந்து திருகாணி கழற்றும் ஆலன் கீயை எடுத்தாள். பிரேக் போட்டாயிற்று, இனி நாலு டயர் மாற்ற வேண்டும்.