இன்னைக்கு என்ன காய்?

“சாப்பிட்டேம்மா” என்றான் பிஸ்கட், கேள்வி வருவதற்கு முன்பே.

அவன் வாயில் இருந்தது சோடாவின் காரம் மட்டும்.

பிஸ்கட் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்தச் சரக்கை எதில் அனுப்புவது என்று பார்ப்பது அவன் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் டீயும் பிஸ்கட்டுமாகவே பொழுது சாய்ந்துவிடும். இவனை அறுத்துப் பார்த்தால் உள்ளே மைதாமாவுதான் கொட்டும் என்று ஒரு டிரைவர் சொல்லப்போக, மொத்த ஷெட்டும் உருண்டு சிரித்தது.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பால் ஏற்றிய வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் அச்சு முறிந்து நிற்கிறது. மாற்று வண்டியின் டிரைவர் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி எட்டி எட்டிப் பார்க்கிறார். பால் கெட்டால் யார் தலை உருளும் என்பதை அந்தப் பார்வையே சொல்லிவிட்டது.

இந்த அமளிக்கு நடுவில்தான் மேசைப் போனில் அம்மா. சாப்பாட்டு நேரத்துக்கு ஒருநாள் தவறாமல் வருகிற போன்.

இன்னைக்கு என்ன காய் என்று கேட்டார் அம்மா.

பீன்ஸ் என்றான்.

“அது நேத்து.”

பிஸ்கட் மேசைக்குள் இருந்த டப்பாவை இழுத்து, திறக்காமலேயே கேரட் என்று திருத்திக்கொண்டான்.

சமைப்பதில் அவன் குறை வைப்பதில்லை. எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் கூடாது, உப்பைக் கடைசியில் போடு, வாரத்தில் பாதி நாள் கீரை என்று அம்மா போனில் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டது. விடிவதற்குள் சமைத்து டப்பாவில் அடைத்து எடுத்து வந்துவிடுவான். சாப்பிடுவதுதான் நடப்பதில்லை. அநேகமாக அது வாசல் காவலாளிக்குப் போய்விடும். தன் சர்க்கரை இறங்கிவிட்டதாகவும், டாக்டரே ஆச்சரியப்பட்டதாகவும் சொல்லி, போன வாரம் அந்த மனுஷன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சாப்பாட்டோடும் விடமாட்டார். படுக்கும்போது செல்போனை அடுத்த அறையில் வை. சாப்பிட்டதும் ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வா. கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணிவிட்டுப் பேசு. அதையும் ஒருநாள் செய்து பார்த்தான். நாலு எண்ணுவதற்குள் எதிரில் இருந்தவன் போனை வைத்துவிட்டான்.

அம்மா சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படியெல்லாம் வாழ நேரம் கிடைக்கிற வாழ்க்கைதான் அவனுக்கு வாய்க்கவில்லை.

காலையிலிருந்தே நெஞ்சுக்குள் ஒரு கனம். வாயு என்று சொல்லிக்கொண்டான். சோடா குடித்தான். ஏப்பம் வந்தது, கனம் போகவில்லை. இப்போது அது இடது தோளுக்கு ஏறி, கை வழியாக இறங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியது.

வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அவன் போய்விட்டால் பாலை யார் பார்ப்பது? மாற்று வண்டி மட்டும் கிளம்பட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தலைக்கு மேல் வேலை, வைத்துவிடட்டுமா என்று கேட்டான்.

அம்மா சரி என்று சொல்லவில்லை. குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்றார். ராத்திரி தூக்கம் இல்லை என்றான். அதற்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்றார். இப்போதுதான் மாடி ஏறி வந்தேன் என்றான்.

அந்த ஆபீசில் மாடியே கிடையாது.

அது அம்மாவுக்கும் தெரியும். ஒரே ஒரு முறை இங்கே வந்திருக்கிறார். மகனுடைய செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு போக.

பிஸ்கட்டுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன் அந்த மகன். உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தான். தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் செருப்பை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பிஸ்கட்டை இந்த மேசைக்கு மாற்றினார்கள். அந்த வாரமே மதியம் போன் அடித்தது. துக்கத்தில் அந்த அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று அவன் திணறிக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார்.

“அவன் இல்லேன்னு எனக்குத் தெரியும்ப்பா. நீ சாப்பிட்டியா?”

இதே போனில், இதே நேரத்தில், மகனும் தினம் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். நன்றாகத் தூங்கினேன் என்றும், எனக்கு ஒன்றும் இல்லை என்றும். கடைசி நாள் மதியமும் அதையேதான் சொன்னான்.

மறுமுனையில் அம்மா இன்னும் போனை வைக்கவில்லை.

மேசைமேல் செல்போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. மாற்று வண்டி டிரைவர்தான். பிஸ்கட் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.

“அம்மா, காலையிலேருந்து நெஞ்சு வலிக்குது.”

அம்மா பேசினார். அடுப்பைக் குறைக்கச் சொல்வாரே, அந்த நிதானத்தில்.

“எந்திரிக்காதப்பா. பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட போனைக் குடு. இந்தத் தடவை நான் சொல்றேன்.”