அம்மை போட்ட சுவர்

“அம்மா, அந்தச் சுவருக்கும் அம்மை போட்டிருக்கா?” என்று ஆறு வயதில் இஷாக் கேட்டான்.

அவன் அன்று காட்டிய சுவரின் புள்ளிப் பூச்சுதான், இத்தனை வருஷம் கழித்து, போன வார மழையில் ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது.

“மொத்தத்தையும் கொத்திட்டு வழவழன்னு பூசிருவோம்க்கா,” என்றார் கொத்தனார்.

“அந்தப் பேச்சே வேணாம் தம்பி. கலவைய விளக்குமாத்துல தொட்டு உதறு. பழைய புள்ளி மாதிரியே விழணும்,” என்றாள் இஷாக்கின் அம்மா காதர் பீவி.

உதறினார்.

“புள்ளி பெருசா இருக்கு. வழிச்சுட்டுத் திரும்ப உதறு.”

“எல்லாரும் புதுசாத் தெரியணும்பாக. நீங்க சுண்ணாம்புல டீத்தண்ணியக் கலக்கச் சொல்றீக. நல்ல பிடிவாதம்க்கா.”

“ஆமா, பிடிவாதந்தான். பூசினதே தெரியக்கூடாது.”

கொத்தனார் போனதும் வாசலைக் கழுவி, கேட்டைப் பூட்டிவிட்டு, தெருவைக் கடந்து எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போனாள் காதர் பீவி.

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுத்துப்போன அந்த வீட்டுக்காரி அன்னாள், கண் ஆபரேஷன் முடிந்து நாளை தெளிவான பார்வையோடு வருகிறாள். அதைத் தாண்டி யாரிடமும் உதவி வாங்க மாட்டாள். இஷாக்குக்கு அம்மை கண்டு உறவுகளே ஒதுங்கியபோது, தினமும் வந்து கஞ்சி ஊட்டியவள் அவள்தான். நன்றி சொன்னால், “நான் எங்க வந்தேன்?” என்பாள்.

காதர் பீவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எந்த இடத்தில் பூசியது என்று அவளுக்கே தெரியவில்லை.