ஏரி காட்டியவர்

"ஏரிக்கரையிலதான் என் வீடு. ஆனா மீன் எங்க கடிக்கும்னு தெரியாது. கத்துக்கணும்," என்றபடி அவள் படகில் ஏறினாள்.

"அதுக்குத்தானே மேடம் நான் இருக்கேன்," என்று வழிகாட்டி துடுப்பு வலித்தார்.

வாடிக்கையாளர் ஏறிவிட்டால் அவர் வாய் ஓயாது. நாணல் ஓரத்தில் கெளுத்தி ஒதுங்குவதையும், மூழ்கிய மரத்தடியில் விரால் பதுங்குவதையும் சலிக்காமல் விளக்கினார். அவள் தூண்டில் பாசியில் சிக்கியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

கரை வந்தது.

"அடுத்த வாரமும் வரேன்."

"எதுக்கு மேடம்? நல்லாவே கத்துக்கிட்டீங்களே."

"மீனுக்கா வந்தேன்? கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லையே."

அவர் அசடு வழிந்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

"அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கு? வா, வீடு வரைக்கும் பேசிக்கிட்டே போவோம்."