அடுத்த பூச்சு

"இஞ்சருங்கோ, அந்த மூலையிலை பழைய பூச்சு நிக்குது. இன்னும் கொஞ்சம் தேயுங்கோ," என்றாள் யோகராணி.

மொன்றியலுக்கு வடக்கே, ஏரிக்கரையில் இருந்த மரக்குற்றி வீட்டின் சுவரைக் குகதாசன் அழுத்தித் தேய்த்தார்.

"இதை வாங்கின வருசம் நீ ஏணியிலை நிண்டு பாடிப் பாடிப் பூசினனீ. ஞாபகமிருக்கே?"

"ஓம். நீங்கள் தலையிலை பெயின்ற் கொட்டினதும் ஞாபகமிருக்கு."

இருவரும் சிரித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் கடைசிச் சுவரும் தேன் நிறமானது. கையைத் துடைத்துவிட்டு அவரவர் காரில் ஏறினார்கள். அவள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த தன் வீட்டுக்கு, அவர் சென்ட் லோரன்டில் இருந்த தன் வீட்டுக்கு. விவாகரத்தாகி ஆறு வருடம். எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டவர்கள், இந்த வீட்டை விற்க மட்டும் சம்மதிக்கவில்லை.

அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"அடுத்த பூச்சு எப்ப?"

"நாலு வருசம் தாங்குமெண்டு டின்னிலை போட்டிருக்கு."

"இஞ்சத்தைப் பனிக்கு அவ்வளவு தாங்காது," என்றாள் யோகராணி. "வாற வருசமே பூசுவம்."