நீட்டிய கை

பாதசாரிகள் கடக்கக் கோடு போட்டால் வண்டிகள் தானாக நிற்கும் என்று நம்பித்தான் ரெஜினா அந்தச் சாலையைச் சிக்னல் இல்லாமல் வடிவமைத்திருந்தாள். கோடுகள் காய்ந்த முதல் நாள் ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஓரத்தில் தேங்கிய கூட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல், எல்லோரும் செய்வதுபோல அவளும் கையை நீட்டிக்கொண்டு சாலையில் இறங்கினாள். ஒரு பேருந்து அவளை முட்டாத குறையாக வந்து நின்றது. அவள் முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் பையோடும் சைக்கிளோடும் குழந்தையோடும் கடந்துகொண்டே இருந்தார்கள். தோள் கடுத்தது.

"கைய இறக்கிடாதீங்கம்மா," என்றார் ஓட்டுநர் ஜன்னல் வழியாக. "நான் நிப்பேன். பக்கத்துல இருக்கற பைக்குக்காரனுங்க நிக்கமாட்டானுங்க."

எல்லோரும் போன பிறகு, கடைசியாக ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, தானே அதை உருட்டிக்கொண்டு வந்தார். சாலை நடுவிலிருந்த தடுப்புக் கல்லில் சக்கரம் இடித்து நின்றது. வரைபடத்தில் அந்த இடத்துக் கல்லைத் தாழ்த்தி வரைய மறந்துவிட்டது ரெஜினாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொஞ்சம் தூக்கி விடுங்கம்மா," என்றார் அவர்.

பைக்குகள் உறுமத் தொடங்கின. அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. நாற்காலியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.